என் ஜட்காவும் வேலாயுதம் மண்டையும்

ஜட்கா ஓட்டுறவனுக்குக் கண்ணு குதிரை வாலு மேல, காது மட்டும் முதுகுக்குப் பின்னால.

பின்னால ஏறி ஒக்கார்ற ஜனங்க நம்மள ஒரு ஆளுன்னே நெனைக்கறதில்ல. சொத்துத் தகராறு, மாமியார் தகராறு, பொண்ணு பாத்துட்டு வந்து மூக்கு சரியில்லைன்னு சொல்றது, எல்லாம் என் முதுகாண்டதான். அதுலயும் ஆஸ்பத்திரி சவாரி தனி ரகம். உள்ள டாக்டருகிட்ட சரி சரின்னு தலையாட்டிட்டு, வெளிய வந்து என் வண்டிலதான் அசல் பேச்சு பேசுவாங்க. ஒங்கள்ல எத்தினி பேரு ஆஸ்பத்திரி வாசல்ல சோத்துத் தூக்கும் கையுமா ஒக்காந்து, இன்னா செய்யலாம், இன்னா செய்யலாம்னு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு இருந்திருக்கீங்களோ, ஒங்களுக்குத்தான் இதச் சொல்றேன். அந்தக் கஷ்டம் தெரியாதவங்க குடுத்து வச்சவங்க, இங்கயே எறங்கிக்கலாம்.

என் பேரு காதர். மேல்விஷாரத்துல தோல் பதம் பண்ற ஒரு ஷாப்பு கேட்டாண்ட வண்டி போட்டுக்கினு இருந்தேன். குதிரை பேரு பேகம். அவளுக்கு நடை சுத்தம், எனக்கு வாய்தான் சும்மா இருக்காது. யாரு மாதிரி வேணும்னாலும் பேசிக் காட்டுவேன். ஷாப்பு முதலாளி தும்முறது, தபால்காரரு மூக்கால பேசறது, எல்லாம் வரும். எல்லாத்தையும் விட நல்லா வர்றது ஷாப்பு மேஸ்திரி குரலு. "எவன்டா அங்க பல்லக் காட்டுறது?"ன்னு ஒரு சத்தம் போடுவாரு பாருங்க, தோல் ஊறப் போடற தொட்டில நிக்கறவன் தொட்டியிலேயே ஒக்காந்துடுவான். அத நான் போட்டா அவரு பொண்டாட்டியே தலைய மூடிக்கினு வந்து நிப்பாங்க.

கால் முன்னால போவக்கூடாது

அன்னிக்கு மதியம் கேட்டாண்ட நின்னு மேஸ்திரி மாதிரிக் கத்திக் காட்டி, வெத்தலக் கடைக்காரரையும் காவக்காரரையும் சிரிக்க வச்சிக்கினு இருந்தேன். அப்ப உள்ளேர்ந்து ஒரே கூச்சல். நாலு பேரு ஒரு ஆளத் தூக்கிக்கினு ஓடியாறாங்க. பாத்தா வேலாயுதம். தொட்டில தோல் தூக்கற ஆளு, முப்பது வயசுகூட இருக்காது. மல்லாந்து உழுந்து, தொட்டியோட கருங்கல் வெளிம்புல பின்மண்ட அடிபட்டுப் போச்சி. ரத்தம்கூட ஜாஸ்தி இல்ல. கண்ணுதான் தொறக்கல. பின்னாலேயே அவன் அண்ணன் கோவிந்தன். அவனும் அதே தொட்டிதான்.

ஆளுங்க அவசரத்துல வண்டிக்குப் பின்னாலேர்ந்து கால் உள்ள போற மாதிரி அவனத் தள்ளிட்டாங்க. கால் குதிரைப் பக்கம், தலை ரோட்டுப் பக்கம். ஊடு பக்கத்துத் தெரு, அதுக்குள்ள அவன் அம்மாவும் பொண்டாட்டி தனகோட்டியும் ஓடியாந்துட்டாங்க. அந்தம்மா அழல, மாரடிச்சுக்கல. நேரா வந்து என் சட்டையப் புடிச்சிது. "கால முன்னால உட்டு இட்டுக்கினு போறதுக்கு எம் புள்ள இன்னா பொணமாடா? திருப்புங்கடா!" அடிபட்டவன அப்படிப் பொரட்டக் கூடாதுன்னு பின்னால ஆஸ்பத்திரில எங்களத் திட்டுனாங்க. நல்லாத் திட்டட்டும். ஆனா பெத்தவ நின்னு சொல்லும்போது கேக்காம இருக்கறதுக்கு எங்க ஊர்ல இன்னும் ஆள் பொறக்கல. வெளிய இழுத்து, திருப்பி, தலைய உள்ள உட்டு ஏத்துனோம்.

அதனால வேலூர் ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவன் தலை என் முதுகாண்ட. தனகோட்டி அதத் தன் மடில வச்சி ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தா. ரோடு ஒரே பள்ளம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பள்ளத்துக்குப் பள்ளம், "தங்கச்சி, புடிச்சிக்க, தங்கச்சி, கெட்டியாப் புடிச்சிக்க"ன்னு சொல்லிக்கினே வந்தேன். பத்துப் பள்ளம் பொறுத்தா. பதினோராவது பள்ளத்துல சொன்னா: "நான் புடிச்சிக்கினுதான் பாய் கீறேன், நீ ரோட்டப் பாரு."

சுத்தத் தமிழு பேசற டாக்டரம்மா

ஆஸ்பத்திரில வெள்ளைக்கார டாக்டரம்மா. தமிழப் பொஸ்தகத்துல படிச்சவங்க. நம்ம ஜனங்க பேசறது அவங்களுக்குப் புரியும், அவங்க பேசறதுதான் நம்ம ஜனங்களுக்குப் புரியாது, அவ்ளோ சுத்தம். வேலாயுதத்தோட அம்மா உள்ள வரமாட்டேன்னு என் வண்டிலயே ஒக்காந்துட்டதால டாக்டரம்மாவே வெளிய வந்தாங்க. "அம்மா, உங்கள் மகனுடைய மண்டையோட்டின் உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது. சிறு துளை இட்டு அதனை வெளியேற்ற வேண்டும்." அந்தம்மா என்னப் பாத்துது. நான் எங்க பாஷையில மாத்திச் சொன்னேன். "மண்டையில ஓட்ட போடறதா? எம் புள்ள இன்னா தேங்காயா?"ன்னு கேட்டுது. டாக்டரம்மா அதுக்கும், "இல்லை அம்மா, தேங்காய் அல்ல"ன்னு பொறுமையா பதில் சொன்னாங்க.

கோவிந்தன் தலையக் குனிஞ்சிக்கினு, "நீங்க எது சொன்னாலும் சரிங்கம்மா"ன்னுட்டான். தனகோட்டிதான் கேட்டா, செஞ்சா இன்னா, செய்யலைன்னா இன்னான்னு. டாக்டரம்மா மறைக்கல. "செய்யாவிட்டால் இரண்டு நாள் தாங்குவார். செய்தால் பிழைக்கக்கூடும். ஆனால் முன்பு இருந்த மனிதராகவே திரும்புவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது." தனகோட்டி அவங்க மூஞ்ச நேராப் பாத்துக் கேட்டா: "முன்ன இருந்தவரு வரலைன்னா, அப்ப வர்றது யாரும்மா?" டாக்டரம்மா, "தெரியலியே அம்மா"ன்னாங்க. அவங்க பேசனத எல்லாம் ஊரெல்லாம் பேசிக் காட்டியிருக்கேன். இத மட்டும் காட்டுனதில்ல. அந்த நிமிசம் அவங்க பொஸ்தகத்த மறந்து நம்மள மாதிரிதான் பேசுனாங்க.

காகிதமும் மைப்பொட்டியும் வந்துச்சி. மாமியாரு மூஞ்சத் திருப்பிக்கிச்சி, மூத்தாரு கோவிந்தன் தரையப் பாத்தான். தனகோட்டி ஷாப்புல தோலுக்குப் போடற ஆவாரம்பட்ட இடிச்சி இடிச்சிக் கறுத்துப்போன கட்ட விரல நீட்டுனா. "எழுந்து வர்றது யாரா இருந்தாலும் பசியோடதான் வருவாரு. மையக் கொண்டாங்க."

காதுல திட்டுன கதை

மண்டையத் தொறந்தாங்க, மூடுனாங்க. உசுரு தங்கிச்சி, ஆளு எழுந்திருக்கல. மூக்குல ரப்பர் குழா உட்டு அது வழியாப் பாலும் கஞ்சித் தண்ணியும் ஊத்துனாங்க. வாரத்துல ரெண்டு நாளு மாமியாரையும் மருமவளையும் இட்டுக்கினு போவேன். போவும்போது ஒரே சண்ட. அம்மா சொல்லும்: "மூக்கால தின்னு உசுர வச்சிக்கினு இருக்கறது ஒரு பொழப்பா? ஊட்டுக்கு இட்டாந்துடலாம்டி. அவன் பொறந்த எடத்துல போவட்டும்." தனகோட்டி சொல்லுவா: "இன்னும் எட்டு நாளு அத்த." எட்டு நாள் ஆவும். "இன்னும் எட்டு நாளு." நானே கேட்டேன், "இன்னா தங்கச்சி, ஒன் காலண்டர்ல எட்டுக்கு மேல நம்பரே இல்லியா?"ன்னு. மாமியாருதான் சிரிச்சிது. சிரிச்சிட்டு, மருமவ தோள்ல சாஞ்சி அழுதுது.

அதப் பாக்க எனக்குப் பேஜாராப் போச்சி. பேகத்தக் கட்டிப் போட்டுட்டு நானும் உள்ள போனேன். வேலாயுதம் கம்பளிய மூடிக்கினு மெழுகு பொம்ம மாதிரி படுத்திருக்கான். சும்மா பாத்துட்டு வரத்தான் போனேன், சத்தியமா. ஆனா என் வாயிதான் தெரியுமே. அவன் காதாண்ட குனிஞ்சி, மேஸ்திரி குரல்ல, அடி வயித்துலேர்ந்து ஒரு சத்தம் போட்டேன்: "எவன்டா அங்க பல்லக் காட்டுறது?" வார்டே எழுந்து ஒக்காந்துது. கால் ஒடிஞ்சவன்கூட கால மறந்துட்டு எழுந்தான். நர்சம்மா கைல இருந்த தட்டக் கீழ போட்டுட்டு என்ன அடிக்க வந்தாங்க. வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. வேலாயுதத்தோட ரெண்டு கையும் கம்பளி ஓரத்த இறுக்கிப் புடிச்சிக்கினு இருந்துது. விரல் எலும்பெல்லாம் வெளுத்துப் போற மாதிரிப் புடி. அத்தினி நாள்ல அவன் உடம்புல அசைஞ்சது அதுதான் மொதல் தடவ.

நர்சம்மா எங்க பக்கத்துப் பொண்ணுதான், ஊரு திருவலம். புடவத் தலப்பால மூஞ்சத் தொடச்சிக்கினு என்னக் கிட்ட கூப்புட்டாங்க. "பாய், நாளைக்கும் வந்து திட்டிட்டுப் போங்க."

ஊட்டுக்கு வந்தவரு

நாளைக்கும் திட்டுனேன், மறுநாளும் திட்டுனேன். கண்ணத் தொறந்தான், ஒக்காந்தான், அப்புறம் சொவத்தப் புடிச்சி நடந்தான். விஷாரம் பூரா நான்தான் அவன எழுப்பிட்டேன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன், யாரு குரல்லன்னு யாரும் கேக்கல. தோஸ்துங்க எனக்கு டாக்டர் காதர்னு பட்டமே குடுத்துட்டாங்க. ஆனா ஊட்டுக்கு வந்தவரு யாருன்னு டாக்டரம்மாவுக்கு மட்டுமா தெரியல, எங்களுக்கும் தெரியல. பேச்சு இல்ல. பேரு தெரியல. சாவு ஊட்டுல சிரிப்பான், கல்யாண ஊட்டுல அழுவான். அடுத்த ஊட்டுக்காரங்க சாப்புடற தட்டுல கைய வைப்பான். கதவு தொறந்திருந்தா நேரா பாலாத்துக்கு நடந்துடுவான். தனகோட்டி பட்ட இடிக்கப் போனா அவன யாரு பாக்கறது? அவனப் பாத்துக்கினு இருந்தா அடுப்பு எப்படி எரியும்?

ஒரு நாளு குளிக்க வைக்கும்போது அம்மாவப் புடிச்சித் தள்ளிட்டான். அந்தம்மாவுக்கு மணிக்கட்டு ஒடிஞ்சி போச்சி. மூங்கில் தப்ப வச்சிக் கட்டி, திரும்பி வரும்போது என் வண்டிலதான் பேச்ச எடுத்தான் கோவிந்தன். மெட்ராஸ்ல இப்படிப்பட்டவங்கள வச்சிப் பாக்கற பெரிய ஆஸ்பத்திரி இருக்குதாம், அங்க கொண்டு போய் உட்டுடலாம், டாக்டரம்மா லெட்டர் குடுத்தா சேத்துக்குவாங்க. தனகோட்டி மாமியாரு கைக்கட்ட இறுக்கி முடிஞ்சா. அப்புறம், "நீங்க சொல்றது சரிதான் மாமா, என்னாலயும் முடியல"ன்னா. நான் திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாக்காம இருக்கறதுக்குத்தான் ஆண்டவன் எனக்கு லகானக் குடுத்திருக்கான். அந்த அம்மா மட்டும், கட்டுப் போட்ட கைய மடில வச்சிக்கினு சொல்லிச்சி: "சின்னதுல அவன் கடிச்சி வைக்காத எடம் என் ஒடம்புல இல்ல, இப்ப மட்டும் இன்னா புதுசா வலிக்கப் போவுது?"

கோவிந்தன் மட்டும் ஏறின சவாரி

லெட்டர் வாங்கறதுக்குக் கோவிந்தன் ஒண்டியா வந்தான். போவும்போது பின்னால ஒக்காந்தான். வாங்கிக்கினு திரும்பும்போது முன்னால வந்து என் பக்கத்துல ஒக்காந்தான். நான் டாக்டரம்மா மாதிரிப் பேசி அவனச் சிரிக்க வைக்கப் பாத்தேன். சிரிக்கல.

"பாய், ஒரு பெரிய தோலு தண்ணி குடிச்சா இன்னா கனம் இருக்கும் தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சான். ரெண்டு பேரு ரெண்டு முனையப் புடிச்சி, பின்னால சாஞ்சி இழுத்து ஒதறணுமாம். ஒருத்தன் கனத்துல இன்னொருத்தன் நிக்கறான். அதனால யாரும் தானா கைய எடுக்கக் கூடாது. தொட்டிப் பக்கம் முதுகு காட்டி நிக்கறவன் "உடு"ன்னு சொல்லணும், அப்பத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா உடணும். அன்னிக்குத் தொட்டிப் பக்கம் நின்னவன் வேலாயுதம். எதிர் முனை கோவிந்தன். "ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிச்சிக்கினு இருந்தோம் பாய். கேட்டாண்டேர்ந்து மேஸ்திரி கத்துனாரு, எவன்டா பல்லக் காட்டுறதுன்னு. பயத்துல திரும்பிட்டேன். அப்புறம் கேட்டா அன்னிக்கு மேஸ்திரி வேலைக்கே வரலியாம். ஆம்பூர் போயிருந்தாராம். எனக்குத்தான் காதுல ஏதோ விழுந்திருக்கு. அவன் மூஞ்சப் பாத்தாலே அந்த நிமிசம் வருது. அதான் அவன அனுப்பறேன், பைத்தியம்னு இல்ல."

அன்னிக்கு மேஸ்திரி வரலைன்னு எனக்குத் தெரியாதா? அவரு வரலைன்ற தைரியத்துலதான கேட்டாண்ட நின்னு கத்துனேன். அத அவன்கிட்ட அங்கயே சொல்லியிருக்கணும். எல்லார் குரலும் வர்ற எனக்கு, அன்னிக்கு என் குரலே வரல. விஷாரம் வந்து எறங்குற வரைக்கும் அவன் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னான்: "அவன் உடுன்னு சொல்லல பாய். நான் உட்டுட்டேன்."

ஆத்து மணலு

வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குப் போயி, ரயிலேறி, அரக்கோணம் வழியா மெட்ராஸ். அதுதான் ஏற்பாடு. தனகோட்டி அவன் வேட்டி சட்டையெல்லாம் துவச்சி, ஒரு மூட்ட கட்டிக் கொண்டாந்தா. மாமியாரு வரல. வேலாயுதம் சவாரி போறோம்னு குஷியா ஏறிக்கினான். நான்? வழியெல்லாம் சொல்லணும் சொல்லணும்னு நெனச்சிக்கினே பாலாத்துல எறக்குனேன். தண்ணி கோடு மாதிரி ஓடுது, மீதியெல்லாம் மணலு. பாதி ஆத்துல சக்கரம் பொதைஞ்சி போச்சி. இதுக்குன்னே ஜட்காக்காரங்க ஒரு கித்தான் படுதா வச்சிருப்போம். சக்கரத்துக்கு முன்னால விரிச்சி, வண்டி ஏறித் தாண்டுனதும் எடுத்து ஒதறி மறுபடி முன்னால விரிக்கணும். எல்லாரையும் எறங்கச் சொன்னேன்.

ஒரு தரம் விரிச்சாச்சி, வண்டி தாண்டிச்சி. படுதா தண்ணியும் மணலுமா கல்லு மாதிரிக் கெடக்குது. நான் குனியறதுக்குள்ள வேலாயுதம் போயி ஒரு முனையப் புடிச்சிட்டான். யாரும் சொல்லல. ரெண்டு கையாலயும் சுருட்டிப் புடிச்சிக்கினு, எதிர் முனையப் பாக்கறான், அண்ணனப் பாக்கறான். கோவிந்தன் அசையல. தம்பி குரல் இல்லாம ஒரு மாதிரி, வாடா வாடான்ற மாதிரி, முனைய ஆட்டிக் காட்டுறான். கோவிந்தன் போயி அந்தப் பக்கம் புடிச்சான். ரெண்டு பேரும் பின்னால சாஞ்சி இழுத்து ஒரு ஒதறு ஒதறுனாங்க பாருங்க, மணலெல்லாம் என் மூஞ்சில. அதோட உட்டிருக்கணும். யாரு உடறது? சொல்ல வேண்டியவனுக்குப் பேச்சு இல்ல. அவன் முழு கனத்தையும் அண்ணன் கைல குடுத்துட்டு, மல்லாந்து சாஞ்சி, வானத்தப் பாத்துக்கினு நிம்மதியா நிக்கறான். கோவிந்தன் மூஞ்செல்லாம் வேர்வ. "சொல்லுடா, உடுன்னு சொல்லுடா"ன்றான். எங்க சொல்றது. கடைசில புடிய உடாம, படுதாவச் சுருட்டிக்கினே ஒவ்வொரு அடியா அவன்கிட்ட நடந்து போனான். கிட்டப் போயி, இத்தினி மாசமாப் பாக்காத மூஞ்சிய நேரா நின்னு பாத்து, "உடுடா தம்பி"ன்னான். வேலாயுதம் சட்டுனு உட்டுட்டுக் கெக்கெக்கேன்னு சிரிச்சான். கோவிந்தன் மணல்லயே ஒக்காந்துட்டான்.

அப்பத்தான் எனக்குக் குரல் வந்துச்சி. "கோவிந்தா, அன்னிக்குக் கத்துனது மேஸ்திரியும் இல்ல, ஒன் காதும் இல்ல. நான்." எழுந்து வந்து ஓங்கி ஒண்ணு குடுத்தான். பேகம்கூட ஒரு அடி நவுந்தா. ரெண்டாவதுக்குக் கைய ஓங்கிட்டு, அப்படியே என் தோள்ல போட்டுக்கினு அழுதான். நானும் அழுதேன். வேலாயுதம் மட்டும் சிரிச்சிக்கினே இருந்தான், அவனுக்கு எப்பவும் எடம் தெரியாது. கொஞ்ச நேரம் கழிச்சி, "அடுத்த ரயிலு சாயந்தரம் கீது, போலாமா?"ன்னு கேட்டேன். "அதுவும் போவட்டும்"னான் கோவிந்தன். தனகோட்டி துணி மூட்டைய வண்டிக்குள்ள தூக்கிப் போட்டா. "அடிச்சாச்சி, அழுதாச்சி. இனிமே அவர யாரு எப்பப் பாத்துக்கறதுன்னு ரெண்டு பேரும் போற வழில பேசி முடிங்க. திருப்பு பாய், அவருக்குப் பசிக்கும்."

முன் சீட்டு

பேசி முடிச்சோம். காலைல கோவிந்தனோட ஷாப்புக்குப் போவான். தொட்டிப் பக்கம் இல்ல, வெளிய காயப் போடற எடத்துல. ஒரு முனைய அண்ணன் புடிச்சா இவன் இன்னொரு முனையப் புடிப்பான், அவ்ளோதான் வேல. மேஸ்திரி மொதல்ல முடியாதுன்னாரு. நான் நேர்ல போயி, அவரு குரல எடுத்து நான் செஞ்சது இன்னான்னு என் குரல்லயே சொன்னேன். மீசையத் தடவிக்கினு, "நெழல்ல நிக்க வைங்கடா அவன"ன்னாரு. சாப்பாட்டுக்கு அப்புறம் என் வண்டில முன் சீட்டு. சாயந்தரம் தனகோட்டி வர்ற வரைக்கும் அங்கதான். எல்லாம் நல்லாப் போச்சின்னு சொன்னா அது பொய். கோவம் வந்தா சாட்டையப் புடுங்கி ரோட்டுல எறிவான். ஒரு தரம் ஆற்காட்டுல ஒருத்தரு வாங்கியாந்த பேடா பொட்டலத்த முழுசாத் தின்னுட்டான். நான் கைய கட்டிக்கினு மன்னிப்புக் கேட்டேன். அந்த ஆளு இவனப் பாத்தாரு, மண்டத் தழும்பப் பாத்தாரு. "பரவால்ல பாய், எங்க ஊட்லயும் ஒருத்தரு கீறாரு"ன்னாரு. இந்த வேலைல அந்த வார்த்தைய எத்தினி பேரு வாயால கேட்டிருக்கேன் தெரியுமா? ஊட்டுக்கு ஊடு ஒருத்தரு கீறாங்க. கதவுதான் சாத்தி இருக்குது.

அதுக்கப்புறம் ஒரு தரம் டாக்டரம்மாவப் பாக்க எல்லாரும் போனோம். மாமியாரும் வந்துது, கை எலும்பு கூடிப் போச்சி. டாக்டரம்மா இப்ப பொஸ்தகத்தக் கொஞ்சம் மறந்துட்டாங்க, என்ன மாதிரி ஆளுங்க சகவாசம். வேலாயுதத்தோட கண்ணுல லைட் அடிச்சிப் பாத்தாங்க, முட்டியத் தட்டிப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா தனகோட்டியக் கேட்டாங்க: "உன்னை அவருக்குத் தெரியுதா அம்மா?" அத இதுவரைக்கும் யாரும் அவகிட்ட கேட்டதில்ல. தனகோட்டி அவன் சட்டப் பொத்தானப் போட்டுக்கினே சொன்னா: "தெரியுதோ இல்லியோ, இப்பல்லாம் யாரு தட்டு வச்சாலும் நான் வந்து ஒக்கார்ற வரைக்கும் கைய வைக்க மாட்டேங்கறாரும்மா."

எத்தினியோ பேர ஆஸ்பத்திரிலயும் ஸ்டேஷன்லயும் கொண்டு போயி எறக்கியிருக்கேன், பாதி ஆத்துல திருப்பிக்கினு வந்த சவாரி இவன் ஒருத்தன்தான், இன்னும் எறங்குன பாடு இல்ல.